எளிய கருவிகளும் ஸர் சி. வி. ராமனும்

விலையுயர்ந்த உபகரணங்கள் நிறைந்த பெருநகரங்களிலேதான் விஞ்ஞானம் வளரும் என்றெண்ணிப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மாணவர் சிலர் மனந்தளர்வதை நாம் காண்கிறோம். அன்னார் தம் அண்டையிலே பிறந்த மேதை ஒருவரின் சரித்திரத்தை அறிதல் நலம்.

கொள்ளிடத்தின் தென்பாலுள்ள திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட ராமன் பிறந்தார். சென்னை இராசதானிக் கலாசாலையில் பயின்று, 1907இல் எம்.ஏ. பரீட்சையில் தேறினார். ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளும் வழி அந்நாளில் அரிதாயிருந்தது. ஆகவே நிதி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். அங்கே டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞானச் சங்கத்தில், அலுவலுக்கு முன்னும் பின்னும் பத்தாண்டுகள் உழைத்தார். வயலின் முதலிய வாத்தியங்களின் நாதத்தை ஆராய்ந்தார். 1917இல் பெருஞ்சம்பளத்தைத் துறந்து கல்கத்தா சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

1921இல் சீமையிலிருந்து கப்பலில் மீள்கையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அது வானத்தின் பிரதிபிம்பமே என்பது அக்காலக் கொள்கை. ராமன் தம்மிடமிருந்த சிறு நிக்கோல் பட்டகத்தைத் தக்க கோணத்தில் பிடித்து, நீர்ப்பரப்பினின்று மீளும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. கடல்நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று துணிந்தார்.

அவ்வாராய்ச்சியின் முடிவே 1928 பிப்ரவரி 28இல் வெளிப்பட்ட ராமன் விளைவு. கே. எஸ். கிருஷ்ணனுடன் அவர் செய்த சோதனை எளிமையானது. தூரதரிசனிக் கண்ணாடியால் சூரியவொளியைக் குவித்து, ஊதா நிறக் கண்ணாடி வழியே திரவத்துட் செலுத்தினர். சிதறிய ஒளியை, அந்த ஊதாவை முற்றும் தடுக்கும் வேறொரு நிறக் கண்ணாடியால் நோக்கினர். இருள் தோன்றவேண்டிய இடத்தில் மங்கிய ஒளி தோன்றிற்று. திரவத்துள் ஒளியின் நிறமே மாறியிருந்தது. அக்கருவிகள் சில நூறு ரூபாய் மதிப்பினவே என்பர். 1930இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. 1970இல் பெங்களூரில் காலமானார்.

எளிய கருவி ஒன்றே போதும் என்பது நம் கருத்தன்று. ராமனுக்கு இளமை முதல் நூற்பயிற்சி இருந்தது. சங்கத்தில் அசுதோஷ் தே என்னும் உதவியாளரின் கைத்திறனும் துணைநின்றது. எனினும், தெளிந்த கேள்வி ஒன்று உள்ளத்திலிருந்தால், விலைகுறைந்த கருவியும் அதற்கு விடை தரும்.

நிக்கோல் பட்டகம் கால்சைட் என்னும் தெளிந்த படிகத்தால் ஆயது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் அப்பொருளே. அக்கல்லிலும், பெரம்பலூரை அடுத்த காரைப் பகுதியிலும், கோடியாண்டுகள் பலவற்றுக்கு முன் இங்கே பரந்திருந்த கடலின் சிப்பிகள் காணக்கிடக்கின்றன. அவற்றைக் காண ஒரு கைக்கண்ணாடி போதும். பழைய குறுந்தகட்டையும் அட்டைப் பெட்டியையும் கொண்டு, விளக்கொளியின் நிறங்களைப் பிரித்துக் காட்டும் கருவியை மாணவர் தாமே செய்துகொள்ளலாம். கருவிக்காகக் காத்திராது காணத் தொடங்குவோமாக.