கலிலேயோவும் அவருடைய மகளும்

திருச்சபை கலிலேயோவை இருட்டறையில் அடைத்து வதைத்தது என்று சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அப்படி நடக்கவில்லை. ஆனால் நடந்தது அநீதி என்பதை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை.

1564இல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்த கலிலேயோ, இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தவர். 1610 சனவரியில், தாம் உருவாக்கிய தொலைநோக்கியால் வியாழனை நான்கு நிலவுகள் சுற்றி வருவதைக் கண்டார். அனைத்தும் பூமியையே சுற்றுகின்றன என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. மறு ஆண்டு உரோமையில் இயேசு சபைக் குருக்கள் அவர் கண்டவை உண்மையென ஏற்று, அவருக்கு விழாவும் எடுத்தார்கள்.

சிக்கல் விவிலிய விளக்கத்தில் எழுந்தது. யோசுவாவின் சொல்லுக்குக் கதிரவன் நின்றதென்றால், அதுவரை அது ஓடியிருக்க வேண்டுமே என்றார்கள். விவிலியம் மீட்பின் வழியைக் காட்டவே தரப்பட்டது, வானியலைக் கற்பிக்க அல்ல என்பது கலிலேயோவின் நிலைப்பாடு. 1616இல் பூமி சுழல்கிறது என்ற கருத்தை விட்டுவிடுமாறு கர்தினால் பெல்லார்மின் அவரை எச்சரித்தார். கர்தினால் உறுதியான சான்று கேட்டது நியாயமே. கலிலேயோ காட்டிய கடல் ஏற்றவற்றச் சான்றும் தவறானதுதான். ஆனால் சான்று போதாது என்பது வேறு, பேசவே கூடாது என்பது வேறு அல்லவா?

1632இல் அவருடைய நூல் வெளிவந்தது. முன்பு நண்பராயிருந்த திருத்தந்தை எட்டாம் உர்பான் சினமுற்றார். 1633 ஜூன் 22 அன்று, 69 வயது முதியவர் முழந்தாளிட்டுத் தம் கருத்தை மறுதலித்தார். வீட்டுக்காவலோடு, மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் பாவத்துக்காக மனம் வருந்தும் ஏழு திருப்பாடல்களைச் செபிக்கவும் கட்டளையிடப்பட்டது.

அந்தச் செபக் கடனைத் தானே ஏற்றுக்கொண்டவர் அவருடைய மகள், அருள்சகோதரி மரிய செலஸ்தே. முறையான திருமணத்தில் பிறக்காததால் இளவயதிலேயே ஆர்செத்ரி கிளாரா மடத்துக்கு அனுப்பப்பட்டவர். வறுமை நிறைந்த அந்த மடத்திலிருந்து தந்தைக்குக் கடிதங்கள் எழுதி ஆறுதல் கூறிவந்தார். தந்தை ஆர்செத்ரி வீட்டுக்குத் திரும்பிய சில மாதங்களில், 1634 ஏப்ரலில், 33 வயதில் இறந்தார்.

பார்வையும் மங்கிவந்த அந்தத் துயரத்திலும் இயக்கவியல் பற்றிய தம் பெருநூலை முடித்தார் கலிலேயோ. அது 1638இல் ஹாலந்தில் அச்சானது. 1642இல் அவர் இறந்தபோது சிறப்பான கல்லறை எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. அவரது நூலுக்கான தடை நீங்கியது 1835இல். அவருக்கு இழைக்கப்பட்ட தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றது 1992இல்.

1737இல் புளோரன்சு திருச்சிலுவை ஆலயத்தில் புதிய கல்லறைக்கு மாற்ற அவரது உடலைத் தோண்டியபோது, உடன் ஓர் இளம் பெண்ணின் எலும்புகளும் கிடைத்தன. அது மரிய செலஸ்தே என்றே நம்பப்படுகிறது. இருவரையும் ஒரே கல்லறையில் வைத்தார்கள்.