பேகம் ருகையா

பெண்ணுரிமை பேசும் பெண்டிரை ஆண்குலத்தின் பகைவர் என்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்றும் மறையவில்லை. இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவியர், பட்டிமன்ற மேடையில் உரிமை என்று வாய்திறந்த உடனே எதிரணியினர் எய்யும் முதற்கணையும் இதுவே. இக்கணைக்கு இலக்கானவருள் முன்வரிசையில் நிற்பவர் வங்கம் ஈன்ற பேகம் ருகையா சகாவத் உசேன். அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த கதை முதன்முதலில் அச்சேறியது நமது சென்னையிலேதான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ருகையா 1880ஆம் ஆண்டு இரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் ஊரில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் பங்களாதேசத்தில் உள்ளது. அக்காலத்து உயர்குடி முஸ்லிம் இல்லங்களில் கோஷா முறை மிகக் கடுமையாக இருந்தது. குர்ஆன் ஓதவும் உருது கற்கவும் பெண்மக்களுக்கு இசைவுண்டு. வங்கமும் ஆங்கிலமும் விலக்கப்பட்டவை. அவ்விலக்கை மீறித் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தவர் மூத்த சகோதரர் இப்ராகிம் சாபிர். வீட்டார் உறங்கிய பின்னர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பாடம் நடந்தது. பின்னாளில் ருகையா தம் 'பத்மராகம்' என்னும் நாவலை அந்தச் சகோதரருக்கே காணிக்கையாக்கினார்.

பதினெட்டு வயதளவில், பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த சகாவத் உசேனுக்கு மணமுடிக்கப்பட்டார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். வயதில் மிக மூத்தவர். இத்தகைய மணங்கள் பெரும்பாலும் எவ்வாறு முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கோ, கணவரே மனைவியை எழுதத் தூண்டினார். பெண்கள் பள்ளி ஒன்று தொடங்குவதற்கென 10,000 ரூபாயும் ஒதுக்கிவைத்தார்.

கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில், 1905ஆம் ஆண்டு ருகையாவின் 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. கனவில் தோன்றும் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்டிர் ஆட்சி நடத்துகின்றனர். படைவலிமை தோற்ற போரை, கதிரவன் வெப்பத்தைத் திரட்டி எய்து பெண்கல்வி வென்றுவிடுகிறது. சமையலும் கதிர்வெப்பத்தாலேயே நடைபெறுகிறது. அடுக்களையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலோடு வாழும் நம் எண்ணூர் மக்கள் இப்பகுதியைப் படித்தால் பெருமூச்சு விடாதிருக்க மாட்டார்கள்! கையெழுத்துப்படியை முதலில் படித்தவர் கணவர். நின்றபடியே முழுவதையும் படித்து முடித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்று வியந்தாராம். பழிவாங்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த அவர் சினங்கொள்ளவில்லை. கதை உலகுக்கு வந்தது.

ஆணும் பெண்ணும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள், ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாயின் வண்டி ஒரே இடத்தில் சுற்றும் என்பது ருகையா தம் கட்டுரையில் வற்புறுத்திய கருத்து. காசிமேட்டில் ஆண் கடலேறிக் கொணரும் மீனைப் பெண் கூடையேற்றி விற்றுக் காசாக்குவதைக் காணும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆணைக் கீழே தள்ள வேண்டுமென்று விரும்புபவருக்கு இந்த உவமை தோன்றியிராது.

1909ஆம் ஆண்டு மே மாதம் சகாவத் மறைந்தார். பெற்ற இரு பெண் குழந்தைகளும் சிசுப்பருவத்திலேயே இறந்துவிட்டன. ஐந்து மாதங்களுக்குள், பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு கணவர் பெயரால் பள்ளி தொடங்கினார் அம்மையார். குடும்பப் பிணக்குகளால் அவ்வூரை விட்டகன்று, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். பிள்ளைகளை அழைத்துவரும் வண்டி, கோஷாவின் பொருட்டு நாற்புறமும் அடைக்கப்பட்டது. உள்ளே காற்றின்றிச் சிறுமியர் மயங்கி விழுந்தனர். சன்னல் திறந்து திரை தொங்கவிட்டால், காற்றில் திரை அசைகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. அம்மையாரோ தம்மளவில் பர்தாவை விட்டவரல்லர்.

இந்த வண்டிக் கதையோடு முடிவது, 1931ஆம் ஆண்டு வெளிவந்த 'அவரோதபாசினி'. கோஷாக் கொடுமைகளைச் சொல்லும் 47 நிகழ்ச்சிகள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைவிட்டு அகலாதது. கியூல் ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது, பர்தா தடுக்கி ஒரு மாது தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். அவர் சகாவத்தின் உறவினர். கூலியாட்கள் தூக்கிவிட ஓடிவந்தனர். அந்நிய ஆடவர் தொடலாகாது என்று தடுத்தவள் அம்மாதின் பணிப்பெண். அவளால் தனியே தூக்கவும் இயலவில்லை. அரைமணி நேரம் காத்திருந்து ரயில் புறப்பட்டது. காக்க வந்தவர் ஆண்கள், தடுத்தவள் பெண் என்பதை ருகையா மறைக்காமல் எழுதினார். அவர் பகைத்தது எதனை என்பதை இந்நிகழ்ச்சியிலேயே காணலாம்.

1932 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலை, தாம் பிறந்த அதே தேதியில், அம்மையார் கல்கத்தாவில் காலமானார். பெண்ணின் உரிமை பற்றி முந்தைய இரவு எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமேல் இருந்தது.