தொலைந்த கோளைப் பிடித்த கணக்குப் புலி

குழந்தைகளே! ஓடும் பஸ்சில் உட்கார்ந்தபடி, அப்பாவின் மொபைல் போனில் ஊரிலிருக்கும் பாட்டியுடன் பேசியிருக்கிறீர்களா? பாட்டியின் குரல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெளிவாகக் கேட்டிருக்கும். அந்தத் தெளிவுக்குப் பின்னால், 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கணக்குப் புலியின் உழைப்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அவர்தான் ஜெர்மனியின் கணித மேதை கார்ல் பிரெடரிக் காஸ்.

1777ம் ஆண்டு ஏப்ரல் 30ம் தேதி, பிரவுன்ஷ்வைக் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் காஸ். அப்பா தோட்ட வேலை, கொத்து வேலை என்று கிடைத்த வேலையைச் செய்தவர். அம்மா அதிகம் படிக்காதவர். மகன் பிறந்த தேதியைக்கூட எழுதி வைக்கவில்லை. இயேசு விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு புதன்கிழமை என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. பெரியவரானதும் காஸ் என்ன செய்தார் தெரியுமா? எந்த ஆண்டிலும் ஈஸ்டர் பண்டிகை எந்தத் தேதியில் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கையே உருவாக்கிவிட்டார்!

பள்ளியில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ஒன்று முதல் நூறு வரை உள்ள எண்களைக் கூட்டும்படி ஆசிரியர் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் பலகையில் எழுதிக் கூட்டிக்கொண்டிருக்க, சிறுவன் காஸ் சட்டென்று விடையைக் கொடுத்துவிட்டான். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் 101. இரண்டாம் எண்ணையும் கடைசிக்கு முந்தியதையும் கூட்டினாலும் 101. இப்படி 50 ஜோடிகள். ஆக மொத்தம் 5,050!

இந்தத் திறமை அந்த நாட்டுப் பிரபுவின் காதுக்கு எட்டியது. படிப்புச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அதனால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் வரை போக முடிந்தது.

1801ம் ஆண்டு ஜனவரி 1ம் தேதி, இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாஸி என்ற வானியல் அறிஞர், வானத்தில் ஒரு புதிய சிறு புள்ளி நகர்வதைக் கண்டார். அதற்கு சீரிஸ் என்று பெயர் வைத்தார். பிப்ரவரி 11ம் தேதி வரை அதைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். பிறகு அவருக்கு உடல்நலம் கெட்டது. அதற்குள் அந்தப் புள்ளி சூரிய வெளிச்சத்தில் மறைந்துபோனது. அது மறுபடி எங்கே தோன்றும்? அறிஞர்கள் தேடித் தேடிக் களைத்தார்கள். புதிய கோள் கைநழுவிவிட்டதோ என்ற கவலை எல்லோருக்கும்!

அப்போது காசுக்கு வயது 24. பியாஸி எழுதிவைத்த சில குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். மற்றவர்கள் சொன்ன இடங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேறோர் இடத்தில் தேடச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பர் 31ம் தேதி, ஃபான் சாக் என்ற அறிஞர், காஸ் சொன்ன இடத்துக்கு மிக அருகில் சீரிசைக் கண்டுபிடித்தார்! ஐரோப்பா முழுவதும் காசின் புகழ் பரவியது.

பியாஸியின் அளவுகளில் சிறுசிறு பிழைகள் இருக்கத்தானே செய்யும்? எந்த அளவிலும் பிழை இருக்கும். அதைச் சமாளிக்க காஸ் ஓர் அருமையான வழி வைத்திருந்தார். நீங்களே செய்து பாருங்கள். வகுப்பு பெஞ்சை மூன்று பேர் அளக்கிறீர்கள். 118, 120, 125 செ.மீ. என்று மூன்று விடைகள். எதை நம்புவது? 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்கள் 3, 1, 4. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 9 + 1 + 16 = 26. இப்போது 120 என்று வைத்துப் பாருங்கள், 29 வரும். 122 என்றாலும் 29தான். மிகக் குறைந்த கூட்டுத்தொகை தருவது 121. அதுவே சிறந்த விடை! இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர்.

இனி மொபைல் போனுக்கு வருவோம். கோபுரத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக மட்டும் வருவதில்லை. கட்டடத்தில் மோதி, லாரியில் மோதி, பல வழிகளில் வந்து சேருகிறது. வழியில் உருவம் மாறிவிடுகிறது. கூடவே இரைச்சலும் கலந்துவிடுகிறது. அதனால் கோபுரம் ஒரு தந்திரம் செய்கிறது. பேச்சுக்கு நடுவே, போனுக்கு முன்பே தெரிந்த சில அடையாள அலைகளை அனுப்புகிறது. அனுப்பியது இது, வந்தது இது என்று போன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வழி எப்படிக் கெடுத்திருக்கிறது என்று கணக்கிட்டு, மற்ற அலைகளையும் சரிசெய்துகொள்கிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படை காசின் வர்க்க முறைதான்! ஓடும் ரயிலில் இந்த வழி சில மில்லி வினாடிகளுக்குள் மாறிவிடும். அதனால் இரைச்சலின் அளவையும் ரயிலின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, முறையை இன்னும் கூர்மையாக்குகிறார்கள் இன்றைய பொறியாளர்கள்.

காசிடம் ஒரு குணம் இருந்தது. முழுமையாகக் கனியாத எதையும் வெளியிடமாட்டார். அதனால் நஷ்டமும் வந்தது. வர்க்க முறையை 1805ல் பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர் முதலில் வெளியிட்டுவிட்டார். 1795லிருந்தே தான் அதைப் பயன்படுத்தி வருவதாக காஸ் 1809ல் எழுத, லெஜாந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. மனக்கசப்புதான் மிச்சம்.

இன்னொன்றும் கேளுங்கள். ஓர் அலையைப் பல சிறு அலைகளாக வேகமாகப் பிரிக்கும் கணக்கையும் அவர் 1805 வாக்கிலேயே எழுதிவைத்திருந்தார். அச்சில் வந்தது 1866ல், அவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு! அப்போதும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1965ல் அமெரிக்காவின் கூலி, டூக்கி என்ற இருவர், இது தெரியாமலேயே மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று 4ஜி, 5ஜி போன்கள் ஒவ்வொரு நொடியும் இந்தக் கணக்கைப் பலமுறை போடுகின்றன. காசே அன்று வெளியிட்டிருந்தால், உலகம் 160 ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டுமா?

செய்தி அனுப்புவதிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. 1833ல் நண்பர் வெபருடன் சேர்ந்து, கோட்டிங்கன் நகரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். 1855ம் ஆண்டு பிப்ரவரி 23ம் தேதி, தம் 77வது வயதில் அதே ஊரில் காலமானார்.

என்ன குழந்தைகளே, காசைப் போல விடாமல் கணக்குப் போடுவீர்கள்தானே? ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் போல இருக்காதீர்கள். புதிதாக ஒரு வழி தோன்றினால், நோட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காமல், மறுநாளே டீச்சரிடம் காட்டிவிடுங்கள்!