வெள்ளைக்காரருக்கு வளரி கற்றுக் கொடுத்த சின்ன மருது

சிவகங்கைச் சீமையில் சிறுவயல் என்று ஓர் ஊர். அங்கே ஓர் அரண்மனை இருந்தது. வாசலில் காவலாளி கிடையாது! யாரும் உள்ளே போகலாம், வரலாம். அந்த அரண்மனையில் இருந்தவர்தான் சின்ன மருது.

1795-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரர் அங்கே வந்தார். கும்பினிப் படையின் இளம் அதிகாரி. பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். மருது அவரைப் பிரியமாக வரவேற்றார். பிறகு அவருக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பி வந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார்.

வளரி என்பது வளைந்த தடி. மரத்திலும் உண்டு, இரும்பிலும் உண்டு. கை தேர்ந்தவர் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது. அந்தச் சீமையில் ஏர் பிடித்த கைதான் ஈட்டியும் பிடித்தது.

மருது ராஜ வம்சம் அல்ல. 1753-ல் முக்குளத்தில் பிறந்தவர். அண்ணன் பெரிய மருதுவும் அவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலை பார்த்தார்கள். 1772-ல் காளையார்கோவிலில் கும்பினிப் படை மன்னரைக் கொன்றது. ராணி வேலு நாச்சியார் ஐதர் அலியின் உதவியோடு 1780-ல் சீமையை மீட்டார். அதற்குத் தோள் கொடுத்தவர்கள் இந்தச் சகோதரர்கள். பிறகு ஆட்சிப் பொறுப்பும் அவர்களிடம் வந்தது.

ஆயுதத்துக்குத் தடை

1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். உடனே நெல்லைச் சீமைக்கு ஓர் உத்தரவு வந்தது. கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி, ஈட்டிகளை ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரணம்!

ஜனங்கள் அடங்கவில்லை. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. வெறும் மண் கோட்டைதான். முதல் தாக்குதலில் கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. கூடுதல் பீரங்கிகள் வந்த பிறகே, மே மாதம் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிறுவயலுக்கு ஓடி வந்தார். மருது அடைக்கலம் கொடுத்தார்.

பீரங்கியின் பலம் மருதுவுக்குத் தெரியாததா? தேசூருக்கு அடுத்த வந்தவாசியில் 1760-லேயே பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த படை அது. ஆனாலும் ஜூன் மாதம் திருச்சிக் கோட்டை வாசலில் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லா ஜாதியாரும் வெள்ளையரை எதிர்த்து ஆயுதம் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கர்னல் அக்னியூ சிறுவயலைப் பிடித்தார். காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட்டார். ஒரு மாதம் வெட்டியும் முடியவில்லை. காட்டுக்குள் பீரங்கி நகரவில்லை. ஈட்டியும் வளரியும் பறந்தன! கடைசியில் வேறு வழிகளில் சுற்றி வளைத்து, அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

தொடை எலும்பு முறிந்த நிலையில் மருது பிடிபட்டார். அவரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார்! அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனம் வந்தது. 1878-ல் இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டம் போட்டார்கள். இந்தியனுக்கு லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்! அந்தச் சட்டம் 1959-ல்தான் மாற்றப்பட்டது.

மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே போனபோது ஒருவர் வந்து நின்றார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், தோற்றமோ கிழவர். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான், தன் வளரி ஆசானின் பிள்ளை என்று தெரிந்தது.