அட்டையில் துளையிட்ட அறிஞர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி இரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதும். முன்னாளில் பயணச் சீட்டைப் பரிசோதிப்பவர் சிறு கருவியால் அதில் ஒரு துளையிட்டுத் தருவார். அந்தத் துளைக்கும் கணிப்பொறிக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா, நண்பர்களே? அவ்வுறவைக் கண்டவர் ஹெர்மன் ஹொலரித்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாக, 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், அமெரிக்காவின் பஃபலோ நகரில் அவர் பிறந்தார். பிழையின்றி எழுத்துக் கூட்டுவது அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது. அந்தப் பாட வேளையில் பள்ளிச் சன்னல் வழியே குதித்து ஓடினார் என்று கூறுவர். ஆயினும் 19 வயதிலேயே கொலம்பியா சுரங்கக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பின்னர் 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழ 5 கோடி மக்களின் விவரங்களைக் கையால் எண்ணி முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. மக்கள்தொகையோ பெருகிக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் ஒரு கணக்கு முடியுமுன் அடுத்த கணக்கு வந்துவிடுமே என்ற கவலை எழுந்தது.

ஒருமுறை இரயிலில் செல்கையில், நடத்துநர் பயணியின் தலைமுடி, கண், மூக்கு ஆகியவற்றின் அடையாளங்களைச் சீட்டில் துளைகளாகக் குறிப்பதைக் கண்டார். அவர் மனத்தில் பொறி தட்டியது. ஒருவருக்கு ஓர் அட்டை; ஒரு விவரத்திற்கு ஒரு துளை. துளை வழியே இறங்கும் ஊசி, கீழேயுள்ள பாதரசத்தைத் தொட்டால் மின்சுற்று நிறைவுறும். எண்முகப்பு ஓர் எண் நகரும். 1889இல் காப்புரிமை பெற்ற இம்முறையால், 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொத்த எண்ணிக்கை சில வாரங்களிலேயே வெளிவந்தது.

1896இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பிடிவாதமும் அவருடன் பிறந்தது. கட்டணத்தில் இறங்கிவர மறுத்ததால், தம்மை உயர்த்திய கணக்கெடுப்புத் துறையையே இழந்தார். 1911இல் அவர் நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைந்தது. 1924இல் அது ஐபிஎம் என்று பெயர் பெற்றது. 1929 நவம்பர் 17இல் அவர் மறைந்தார்.

அவரது அட்டை வழியில் வந்ததே, 1928இல் ஐபிஎம் வெளியிட்ட 80 பத்தி அட்டை. பிற்காலத்தில் நிரலின் ஒரு வரிக்கு ஓர் அட்டை என்றாயிற்று. வரி வேண்டாமெனில் அட்டையை உருவிவிடுவர், வேண்டுமெனில் செருகுவர். அட்டை போய்த் திரை வந்தபின்னும் அம்முறை போகவில்லை. பெரிய வங்கிகள் இன்றும் பயன்படுத்தும் மெயின்பிரேம் கணிப்பொறியின் திரையில், ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஆறு இலக்க எண் நிற்கும். அதன்மீது ‘டி’ என்று அடித்து எண்டர் விசையை அழுத்தினால் அவ்வரி நீங்கும். ‘ஐ’ என்றால் புதுவரி பிறக்கும். ‘ஆர்’ என்றால் வரி இரட்டிக்கும். ‘எம்’ என்று ஒரு வரியிலும் ‘ஏ’ என்று மற்றொரு வரியிலும் அடித்தால், முன்னது பின்னதன் கீழே போய் அமரும். ஆக, அன்று அட்டைக் கட்டில் விரல் செய்த வேலையை இன்று ஓர் எழுத்து செய்கிறது.

ஓர் எழுத்து தவறினால் ஒரு வரியே அழியும் அத்திரையின் மூலவர், எழுத்துக்கு அஞ்சி ஓடிய சிறுவர்! ஒரு பாடத்தில் பின்தங்கியதால் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணும் மாணவத் தோழர்கள், அவர் வாழ்வை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.