மருந்தும் கல்வியும் ஈந்த மாதரசி: டாக்டர் சௌந்தரம் அம்மையார்

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்த தானங்கள் நான்கு. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் அந்நான்கினையும் நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆயினும், தானம் என்றவுடன் பொருளுடையார் ஆலயத்திற்கு எழுதி வைக்கும் தொகையே நம் நினைவிற்கு வருகிறது. பொருளை மட்டுமன்றித் தம் வாழ்நாளையே இந்நான்கு தானங்களுக்கும் ஈந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எழுத விழைகிறேன். அவர் நம் சமயத்தில் பிறந்தவர் அல்லர். எனினும், அவரது வாழ்க்கை நம் பெண்மக்கள் அனைவரும் அறியத்தக்கது.

சௌந்தரம் அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் நெல்லைச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையார் மதுரையில் பேருந்துத் தொழிலால் புகழ்பெற்ற டி.வி. சுந்தரம் ஐயங்கார், தாயார் லட்சுமி அம்மாள். அக்கால வழக்கப்படி மிக இளம் வயதிலேயே உறவினரான சௌந்தரராஜனுக்கு அவரை மணம் செய்வித்தனர். கணவர் மருத்துவர். பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்த அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. தம் முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், மனைவி வாழ்நாளை வீணே கழிக்காமல் கல்வி கற்று மறுவாழ்வு தேட வேண்டும் என்று விரும்பினார். அவ்விருப்பத்தைத் தெரிவித்துவிட்டே கண் மூடினார்.

அந்நாளில் கைம்பெண்ணின் நிலை யாதென்பதை இன்றைய இளம்பெண்கள் அறியார். வண்ணச் சேலையும் மலரும் விலக்கப்பட்டு, மங்கல நிகழ்ச்சிகளில் முன்வர உரிமையின்றி, வீட்டின் பின்கட்டிலேயே காலம் கழிப்பது அவர்தம் விதியாயிற்று. உயிர்கள் அனைத்தின்மீதும் கருணை கொள்ளச் சொல்லும் நம் சமூகமும் இதற்கு விலக்கன்று. எறும்புக்கும் இரங்கிய நம் முன்னோர், வீட்டிலிருந்த இளம் விதவையின் உள்ளத்திற்கு இரங்க மறந்தனர் என்பதை ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை.

சௌந்தரத்தின் பெற்றோர் மகளைப் பின்கட்டில் இருத்தவில்லை. மீண்டும் படிக்க அனுப்பினர். தன்னினும் இளைய மாணவியரோடு அமர்ந்து கற்கும் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு, அவர் பள்ளிக் கல்வியைத் தொடர்ந்தார். பின்னர்த் தில்லியில் பெண்களுக்கென அமைந்த லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் 1934 பிப்ரவரியில் நம் புதுச்சேரிக்கு வருகை தந்த காலத்தில், அம்மையார் தில்லியில் மருத்துவ மாணவியாக இருந்தார். 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கற்கும் வயது கடந்துவிட்டதே என்று கவலுறும் பெண்களுக்கு இதுவே விடையாகும்.

தில்லியில் அவருக்குத் தோழியாக வாய்த்தவர், பின்னாளில் காந்தியடிகளின் மருத்துவராக விளங்கிய சுசீலா நய்யார். அவர் வழியே அம்மையார் அண்ணலின் தொண்டர் குழாத்தில் சேர்ந்தார். அண்ணலின் உள்ளத்தில் அகிம்சை நெறி ஆழ வேரூன்றத் துணை நின்றவர்களுள் ஒருவர் நம் சமயச் சான்றோராகிய ராய்சந்த்பாய் என்பதை வாசகர்கள் அறிவர். அக்குழாத்தில் நெய்யாற்றங்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் என்னும் தொண்டரும் இருந்தார். இருவரும் மணம் புரிய விரும்பினர். கைம்பெண் மறுமணம், அதனுடன் குல வேறுபாடு, குடும்பத்தார் இசையவில்லை. காந்தியடிகள் அவர்களை ஓராண்டுக் காலம் சந்திப்பும் கடிதமும் இன்றிப் பிரிந்திருக்கப் பணித்தார். அச்சோதனையிலும் அவர்கள் உறுதி குலையவில்லை. 1940 நவம்பர் 7ஆம் நாள் சேவாகிராம ஆசிரமத்தில் அண்ணலின் முன்னிலையில் திருமணம் எளிய முறையில் நடந்தேறியது.

1942ஆம் ஆண்டு விடுதலைப் போரில் இருவரும் ஈடுபட்டனர். 1944இல் அன்னை கஸ்தூரிபா மறைந்தபின், அவர் பெயரால் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்ய ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் தமிழகப் பணிக்குக் காந்தியடிகள் அம்மையாரையே பொறுப்பாக்கினார். நகரத்தில் மருத்துவமனை அமைத்துப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் அருகே, அம்பாத்துறை ரயில் நிலையத்தை ஒட்டிய வறண்ட நிலத்தைத் தேர்ந்தார். அங்கே 1947 அக்டோபர் 7ஆம் நாள் காந்திகிராமம் தோன்றியது.

அங்கு நடந்த பணிகளை எண்ணுங்கால் நம் நால்வகைத் தானங்களே கண்முன் நிற்கின்றன. சிறிய அளவில் தொடங்கிப் பெருகிய கஸ்தூரிபா மருத்துவமனை மருந்து தானம். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென எழுந்த சௌபாக்யா இல்லமும், ஆதரவற்ற பெண்களுக்கான இல்லமும் அடைக்கல தானம். உழைத்து உண்ண வழிகாட்டிய கதரும் கைத்தொழிலும் உணவு தானம். பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் கல்வி தானம்.

மருத்துவராகிய அவர் தாமே எல்லா நோயாளிகளையும் பார்த்துவிட இயலாது என்பதைத் தெளிந்திருந்தார். ஒரு மருத்துவர் ஒரு நாளில் சிலரைக் குணப்படுத்தலாம். பயிற்சி பெற்ற கிராமப் பெண் ஒருத்தி ஊர் முழுவதையும் நோய் அணுகாமல் காக்கலாம். ஆகவே பெண்களுக்குச் செவிலியர் பணி, பேறுகாலப் பணி, கிராமத் தொண்டு ஆகியவற்றில் பயிற்சி அளிப்பதில் காந்திகிராமம் ஊன்றி நின்றது. நோயாளியின் படுக்கையருகே தொடங்கிய பணி வகுப்பறைக்கு வந்தது இவ்வாறே. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் அமைந்தது. கணவரும் மனைவியும் இணைந்து வளர்த்த அந்நிறுவனம் 1976இல் பல்கலைக்கழக நிலை பெற்றது. உழவர் மக்களும் நெசவாளர் மக்களும் தம் ஊரை விட்டகலாமல் உயர்கல்வி பெறும் வாயில் திறந்தது.

1952, 1957 தேர்தல்களில் வென்று சென்னைச் சட்டமன்றத்தில் பணியாற்றிய அம்மையார், 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததும் அதே ஆண்டில்தான். அக்காலத்தில் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் பழைய தோழி சுசீலா நய்யார். ஒரே மருத்துவக் கல்லூரியில் பயின்ற இருவருள் ஒருவர் நாட்டின் நலவாழ்வையும், மற்றவர் கல்வியையும் பேணும் பொறுப்பில் அமர்ந்தது வியப்பிற்குரியது. நம் ஊரின் ஜிப்மர் மருத்துவ நிலையம் 1964இல் தொடங்கப்பெற்றதும் அந்நாளிலேயாகும்.

1984 அக்டோபர் 21ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் அம்மையார் மறைந்தார். 2005இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டுப் பெருமை செய்தது.

துறவியர்க்கும் முதியோர்க்கும் பிணியுற்றோர்க்கும் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று பெயரிட்டு, அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தது நம் சமயம். அவ்வாறிருந்தும், மகளைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்புவதென்றால் நம் குடும்பங்களில் சிலர் இன்றும் தயங்குகின்றனர். இரவுப் பணி என்பர், குருதியையும் புண்ணையும் தொட வேண்டுமே என்பர், வரன் அமையாதென்பர். தவம் என்று நூல் கூறுவதை இழிவென்று நாம் ஒதுக்கலாமா? முதுமையில் நாம் படுக்கையில் விழும்போது நம்மைத் தூக்கி அமர்த்தப்போகும் கைகள் எவர் வீட்டுப் பெண்ணின் கைகள் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணவனை இழந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவள் வீட்டார் கல்வியின் கதவைத் திறந்துவிட்டனர். அக்கதவின் வழியே ஒரு மருத்துவமனையும் ஒரு பல்கலைக்கழகமும் நாட்டுக்குக் கிடைத்தன. நம் வீடுகளில் மூடிக் கிடக்கும் கதவுகள் எத்தனை என்று ஒவ்வொரு சிராவகரும் சிராவகியும் தத்தம் நெஞ்சைக் கேட்பாராக. அறம் வளர்க.