புகை மணத்துக்காகப் போராடியவர்

தஞ்சைச் சீமை விவசாயிக்கு முளை கட்டுவதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதை நெல்லை ஊறவைப்பார். சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடுவார். வெண்முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தெளிப்பார்.

ஸ்காட்லாந்து தேசத்திலும் இப்படித் தானியத்தை முளை கட்டுகிறார்கள். அது நெல் அல்ல, பார்லி. முளைத்ததை வயலில் தெளிப்பதும் இல்லை. புகை போட்டு உலர்த்தி, விஸ்கி காய்ச்சுகிறார்கள்!

அந்த வித்தையைக் கற்று வர ஒரு ஜப்பானிய வாலிபர் கடல் கடந்து போனார். வித்தையோடு ஒரு மனைவியையும் அழைத்து வந்தார். அவர் பெயர் மசடகா தகெட்சுரு. மது குடும்பத்துக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவருடைய வாழ்க்கைக் கதை, மதுவைத் தொடாதவர்களும் படிக்கக் கூடியதுதான்.

அரிசி மது வீட்டுப் பிள்ளை

தகெட்சுரு 1894-ம் ஆண்டு ஹிரோஷிமா மாநிலத்தில் தகெஹாரா என்ற ஊரில் பிறந்தார். ஜப்பானியரும் நம்மைப்போல அரிசிச் சோறு உண்பவர்கள். அரிசியிலிருந்து 'சாகே' என்ற மதுவும் செய்வார்கள். தகெட்சுருவின் வீட்டாருக்குத் தலைமுறை தலைமுறையாக அதுவே தொழில்.

அவர் ஒசாகா நகரில் மதுத் தொழில் பற்றிப் படித்தார். அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்று விற்றது பெரும்பாலும் போலி. வெறும் சாராயத்தில் வர்ணமும் வாசனையும் கலந்த சரக்கு. அசல் விஸ்கி செய்வது எப்படி என்று அறிந்து வர, 1918-ம் ஆண்டு முதலாளி இவரை அனுப்பி வைத்தார். அப்போது வயது 24.

நோட்டும் பேனாவும்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தார். ஆனால் தொழில் புத்தகத்தில் இல்லையே! ஆலைகளைத் தேடிப் போனார். 1919-ல் லாங்மார்ன் ஆலையில் சில நாள் பழக இடம் கிடைத்தது. மறு வருஷம் கேம்பல்டவுன் ஊரில் ஹேசல்பர்ன் ஆலையில் சில மாதம் வேலை கற்றார். கண்டதையெல்லாம் நோட்டில் எழுதினார். படமும் வரைந்து கொண்டார்.

என்ன கண்டார்? அங்கே சதுப்பு நிலத்தில் 'பீட்' என்று ஒன்று இருக்கிறது. பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிக் கறுத்துப் போனது. அதைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்தால், நம் வீட்டு வறட்டி மாதிரி எரியும். முளைத்த பார்லியை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். புகை மணம் தானியத்தில் ஏறிவிடுகிறது. காய்ச்சிய பிறகும் அது முழுதும் போவதில்லை.

தானியத்தை நீரில் ஊற்றிப் புளிக்க வைத்து, செம்பு வாலையில் வடிக்கிறார்கள். வடிந்தது தண்ணீர்போல் இருக்கும். அதை ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைக்கிறார்கள். மூன்று வருஷமாவது கிடக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பழைய பீப்பாய் என்றால் விசேஷம். மரமும் ஒயினும் சேர்ந்து நிறம் கொடுக்கும், இனிப்புக் கொடுக்கும், புகையின் காரத்தைத் தணிக்கும். இன்று பெங்களூரில்கூட, புகை மணம் ஏறிய விஸ்கியை ஒயின் பீப்பாயில் வைத்து எடுக்கிறார்கள்.

ரீட்டா

கிளாஸ்கோவுக்கு அருகில் ஒரு டாக்டர் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு ஜூடோ கற்றுக் கொடுக்கப் போனார் தகெட்சுரு. பையனின் அக்கா ரீட்டா கோவன். இருவருக்கும் மனம் ஒன்றாகிவிட்டது. இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு! 1920-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான் வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் இடி விழுந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பின் வியாபாரம் படுத்துவிட்டதால், கம்பெனி விஸ்கித் திட்டத்தைக் கைவிட்டது. தகெட்சுரு வேலையை விட்டார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தார். ரீட்டா, இங்கிலீஷும் பியானோவும் கற்பித்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தாள்.

1923-ல் டோரி ஷின்ஜிரோ என்ற வியாபாரி தகெட்சுருவை அழைத்தார். இனிப்பு ஒயின் விற்றுப் பணம் சேர்த்தவர் அவர். கியோட்டோ நகருக்கு அருகே யமசாகியில் ஜப்பானின் முதல் விஸ்கி ஆலை 1924-ல் எழுந்தது. நம் காவிரியில் பெருவெள்ளம் வந்து ஊர்களை அடித்துப் போனதும் அதே வருஷந்தான்.

1929-ல் சரக்கு கடைக்கு வந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரே கருகல் வாடை என்றார்கள்! புகையைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி நினைத்தார். தகெட்சுருவோ ஸ்காட்லாந்தில் கற்ற முறையை விட மறுத்தார். முதலாளியைக் குறை சொல்லவும் முடியாது. சரக்கு விலை போகாவிட்டால் பீப்பாயை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

ஆப்பிள் சாறு

1934-ல், மேட்டூர் அணையிலிருந்து நம் வயல்களுக்குத் தண்ணீர் வந்த வருஷம், நாற்பது வயதில் தகெட்சுரு தனியே கிளம்பினார். வடகோடியில் ஹொக்கைடோ தீவு. அங்கே யோய்ச்சி என்ற சிற்றூர். குளிர், கடற்காற்று, நல்ல தண்ணீர், பீட் மண் எல்லாம் ஸ்காட்லாந்து போலவே இருந்தன.

விஸ்கி முதிர வருஷக் கணக்காகுமே, அதுவரை கூலி கொடுப்பது எப்படி? அந்த வட்டாரத்து ஆப்பிளை வாங்கிச் சாறு பிழிந்து விற்றார்! கம்பெனிக்குப் பெயரே ஜப்பான் பழச்சாறு கம்பெனி. அதன் சுருக்கந்தான் 'நிக்கா'. முதல் விஸ்கி 1940-ல் வெளிவந்தது.

மறு வருஷமே ஜப்பானும் பிரிட்டனும் போரில் இறங்கின. ஜப்பானியக் கடற்படை நிக்கா சரக்கை வாங்கியதால் ஆலை பிழைத்தது. ஆனால் ரீட்டாவின் கதி? இருபது வருஷமாக அந்த மண்ணில் வாழ்ந்தவள், ஜப்பானிய உணவு சமைக்கவும் ஊறுகாய் போடவும் கற்றவள். அவளை எதிரி நாட்டு உளவாளியோ என்று போலீசார் சந்தேகித்தார்கள். வெளியே போனால் பின்தொடர்ந்தார்கள். தெருவில் நடக்கவே அவள் தயங்கிய நாட்கள் உண்டு.

யுத்தம் முடிந்தபின் மலிவுச் சரக்குக்கே கிராக்கி. அதைச் செய்ய தகெட்சுருவுக்கு மனம் இல்லை. ஆனாலும் தொழிலாளர் வயிற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் இறங்கி வந்தார். புகையைக் குறைக்க மறுத்து வேலையை விட்டவருக்கு இது சின்ன விஷயமா?

1961 ஜனவரியில் ரீட்டா இறந்தாள். வயது 64. தகெட்சுரு மேலும் பதினெட்டு வருஷம் இருந்தார். 1969-ல் செண்டாய் அருகே இரண்டாவது ஆலை கட்டினார். 1979 ஆகஸ்டில், 85-வது வயதில் காலமானார். இவர்கள் கதையை வைத்து ஜப்பான் டெலிவிஷன் 2014-ல் ஒரு தொடர் நாடகம் ஒளிபரப்பியது. வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்.

யோய்ச்சி ஆலை இன்னும் நடக்கிறது. செம்பு வாலைகளுக்கு அடியில் இப்போதும் நிலக்கரி நெருப்புத்தான். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓர் ஆள் கரியை அள்ளிப் போட்டபடி நிற்கிறார். ஆலைக்கு எதிரே உள்ள குன்றில் கணவனும் மனைவியும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.